ராணுவத்தில் நேர்ந்த பாலியல் வன்கொடுமைக்கு விஏ இழப்பீடு: புகார் கொடுக்காதவர்கள் நிரூபிப்பது எப்படி

அமெரிக்கப் படைகளில் பணியாற்றியபோது பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அப்போது யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், அதாவது விஏ-விடம், இழப்பீடு கேட்க நினைக்கும்போது "கையில் ஒரு காகிதம்கூட இல்லையே" என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விதி அந்தக் காகிதத்தைக் கேட்கவே இல்லை. அமெரிக்க மத்திய அரசின் விதித்தொகுப்பில் 38 சிஎஃப்ஆர் 3.304(எஃப்)(5) என்ற பிரிவு, சம்பவத்துக்கு நேரடிப் பதிவு இல்லாவிட்டாலும் அதற்குப் பின் உங்கள் வாழ்க்கையில் தெரிந்த மாற்றங்களையே சான்றாக ஏற்கிறது. விஏ ஆட்கள் இதை 'மார்க்கர்' என்பார்கள். தமிழில் தடயம் என்றே வைத்துக்கொள்வோம். நடந்த கொடுமையை எவ்வளவு விரிவாக எழுதுகிறீர்கள் என்பதைவிட, அந்தத் தேதிக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள், பின் எப்படி ஆனீர்கள் என்று காட்டுவதில்தான் இந்த கிளெய்ம் நிற்கிறது.

எம்எஸ்டி நோயின் பெயர் அல்ல

எம்எஸ்டி (மிலிட்டரி செக்ஷுவல் ட்ராமா) என்பது நடந்த சம்பவத்தைக் குறிக்கும் சொல். வன்புணர்வு மட்டுமல்ல, விருப்பமில்லாத தொடுதல், மிரட்டும் தன்மையுள்ள தொடர் பாலியல் தொந்தரவு ஆகியவையும் இதில் அடங்கும். இழப்பீடு கொடுப்பது சம்பவத்துக்கு அல்ல, அது விட்டுச்சென்ற நோய்க்கு. எனவே 21-526இஇசட் என்ற இழப்பீட்டு விண்ணப்பப் படிவத்தில் குறைபாடு என்ற இடத்தில் "எம்எஸ்டி" என்று மட்டும் எழுதிவிட்டு நகரக்கூடாது. "எம்எஸ்டி காரணமான பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்), மனச்சோர்வு, பதற்ற நோய்" என்று எழுத வேண்டும். எந்த நோய் என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை என்றால் அறிகுறிகளை எழுதினாலும் போதும். தூக்கமின்மை, திடீர்ப் பீதி, கூட்டத்தைக் கண்டால் ஓடத் தோன்றுவது என்று எழுதுங்கள். அந்த அறிகுறிகளுக்குப் பின்னால் எந்த மனநோய் இருந்தாலும் கிளெய்ம் அதையும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும் என்பது 2009-ல் வந்த கிளெமன்ஸ் தீர்ப்பு.

தேவைப்படுபவை மூன்று: இன்றைக்கு ஒரு நோய் இருக்கிறது என்ற மருத்துவ முடிவு, பணிக்காலத்தில் சம்பவம் நடந்தது என்பதற்கான சான்று, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. மூன்றாவதை விஏ-வே பரிசோதனை வைத்துப் பெற்றுக்கொள்ளும். இழுபறி எல்லாம் இரண்டாவதில்தான்.

ஆண்கள் இந்த வழியில் வரவே தயங்குகிறார்கள். பணிக்காலத்தில் இப்படி நேர்ந்ததா என்று விஏ மருத்துவமனைகளில் கேட்கப்படும் கேள்விக்கு மூன்று பெண்களில் ஒருவரும் ஐம்பது ஆண்களில் ஒருவரும் "ஆம்" என்கிறார்கள். படைகளில் ஆண்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம் என்பதால், ஐம்பதில் ஒருவர் என்பது சின்னக் கூட்டமல்ல. விதியில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது.

சிகிச்சைக்கு கிளெய்ம் முடியும்வரை காத்திருக்காதீர்கள்

சிகிச்சையும் இழப்பீடும் இரு வேறு வாசல்கள். எம்எஸ்டி தொடர்பான சிகிச்சை விஏ-வில் இலவசம். அதற்கு கிளெய்ம் ஜெயித்திருக்க வேண்டியதில்லை, புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை, ஆவணமும் வேண்டாம். மற்ற விஏ சிகிச்சைக்குத் தகுதி இல்லாத சிலருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. ஒவ்வொரு விஏ மருத்துவமனையிலும் எம்எஸ்டி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறார். வரவேற்பு மேசையில் கதை சொல்ல வேண்டாம், "எம்எஸ்டி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரி போதும். கிளெய்ம் பக்கத்திலும் ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் இதற்கென ஓர் அலுவலர் உண்டு. ஆணா பெண்ணா என்று நீங்கள் விருப்பம் சொல்லலாம்.

சிகிச்சைக்குப் போவதால் கிளெய்முக்கும் பலன் உண்டு. ஆறு மாத கவுன்சலிங் குறிப்புகள், ஒரே ஒரு நாள் நடக்கும் பரிசோதனையைவிட உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லும்.

முதல் வேலை: தேதியைப் பிடித்து வையுங்கள்

ஆவணங்கள் சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன் 21-0966 என்ற 'இன்டென்ட் டு ஃபைல்' படிவத்தைப் போட்டுவிடுங்கள். விஏ இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கினாலும், 800-827-1000 எண்ணில் சொன்னாலும் போதும். அன்றிலிருந்து ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் போனால், இழப்பீடு அந்த முதல் தேதியை வைத்தே கணக்கிடப்படும். எவ்வளவு பணம் என்று பார்க்க: 2025-க்கான விகிதத்தில், குறைபாடு 70 சதவீதம் என்று மதிப்பிடப்பட்ட, குடும்பச் சார்பு இல்லாத ஒருவருக்கு மாதம் 1,759.19 டாலர். இந்தப் படிவத்தைப் போடாமல் ஆவணம் திரட்டுவதில் 11 மாதம் போனால் 19,351 டாலர் கைநழுவும். பணியிலிருந்து விலகி ஓராண்டு முடியாதவர்கள் அந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், விலகிய மறுநாளே தொடக்கத் தேதி.

எந்தக் காகிதங்கள், எங்கே

டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று மட்டும் போதாது. முழுப் பணியாளர் கோப்பும், பணிக்கால மருத்துவப் பதிவுகளும் வேண்டும். எஸ்எஃப்-180 படிவம் மூலம் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் கேளுங்கள். 1973 ஜூலை 12-ல் அங்கு ஏற்பட்ட தீயில் 1960-க்கு முன் விலகிய தரைப்படையினர், 1964-க்கு முன் விலகிய விமானப்படையினர் ஆகியோரின் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. அந்தக் காலத்தவர்கள் குடும்பத்திடமும் கூடப் பணியாற்றியவர்களிடமும் சான்று தேடுவதில் நேரத்தைச் செலவிடுவது நல்லது. முன்பே ஒருமுறை கிளெய்ம் போட்டு மறுக்கப்பட்டிருந்தால் 20-10206 படிவம் மூலம் உங்கள் கிளெய்ம் கோப்பு முழுவதையும் வாங்குங்கள். அப்போதைய பரிசோதகர் உங்களைப் பற்றி என்ன எழுதினார் என்று தெரியாமல் மறுபடி போடுவது இருட்டில் நடப்பதுதான்.

2005-க்குப் பின் பணியில் இருந்தவர்கள், ரகசியப் புகார் என்ற முறையில் அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால், டிடி-2910 என்ற படிவம் ஒன்று இருக்கக்கூடும். அதில் கையெழுத்திட்டதை மறந்துபோனவர்களும் உண்டு.

தடயம் தேடுவது

கோப்பு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் கோடு போட்டு, கோட்டின் மேல் சம்பவம் நடந்த மாதத்தை எழுதுங்கள். இடப்பக்கம் அதற்கு முந்தைய 12 மாதம், வலப்பக்கம் பிந்தைய 24 மாதம். இனி கோப்பிலிருந்து ஒவ்வொரு தாளையும் தேதிப்படி அந்தக் கோட்டில் வையுங்கள்.

ஒரு கற்பனை உதாரணம். சம்பவம் 2003 ஆகஸ்ட். ஏப்ரல் 2003 பணி மதிப்பீட்டில் "சிறப்பு, பதவி உயர்வுக்குத் தகுதி". ஏப்ரல் 2004 மதிப்பீட்டில் "நேரத்துக்கு வருவதில்லை, சக வீரர்களுடன் ஒட்டுவதில்லை". இடையில் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் தலைவலி, வயிற்றுவலி என்று மருந்தகத்துக்கு ஐந்து முறை. அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரே முறை. அக்டோபரில் ஒரு கர்ப்பப் பரிசோதனை. டிசம்பரில் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்ட டிஏ-4187 படிவம், காரணம் என்ற இடத்தில் "தனிப்பட்டது". பிப்ரவரியில் குடித்துவிட்டுப் பணிக்கு வந்ததற்கு ஆர்ட்டிகிள் 15 தண்டனை (ராணுவ நீதிமன்றம் இல்லாமல் மேலதிகாரியே கொடுப்பது). தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கோட்டின் வலப்பக்கத்தில் வரிசையாக உட்காரும்போது யாருக்கும் புரியும்.

விதியே சொல்லும் தடயங்கள் இவை: இடமாற்றம் கேட்டது, பணித்திறன் சரிந்தது, குடி அல்லது போதை, காரணம் தெரியாத மனச்சோர்வு, பீதி, பதற்றம், பணவிஷயத்திலோ பழக்கவழக்கத்திலோ விளக்கமில்லாத மாற்றம், கர்ப்பப் பரிசோதனை, பால்வினை நோய்ப் பரிசோதனை. வெளியிலிருந்து காவல்துறை, மருத்துவமனை, நெருக்கடி மையம், மதகுரு, அறைத்தோழர், குடும்பத்தினர் ஆகியோரின் பதிவும் வாக்குமூலமும் செல்லும். பட்டியல் இத்தோடு முடியவில்லை. அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போனது, முகாமுக்கு வெளியே வீடு கேட்டது, திடீரென எடை ஏறியது அல்லது இறங்கியது, திருமணம் முறிந்தது, நீண்ட கூந்தலை வெட்டிவிட்டது எல்லாமே எழுதலாம். ஒழுங்கு நடவடிக்கைத் தாளை வெட்கப்பட்டு ஒதுக்கி வைக்கிறார்கள் பலர். உங்களுக்கு எதிராக எழுதப்பட்ட அந்தத் தாள்தான் பெரும்பாலும் உங்கள் பலமான சாட்சி.

வழக்கமாக எங்கே சறுக்குகிறது? தடயத்தைக் கட்டாக அனுப்பிவிட்டு அதைச் சம்பவத்தோடு இணைக்கும் வரியை எழுதாமல் விடுவதில். விஏ மதிப்பீட்டாளர் 400 பக்கத்தைப் புரட்டி உங்கள் கோட்டை அவரே வரைவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. "பக்கம் 212: 2003 டிசம்பர் 9 இடமாற்றக் கோரிக்கை. சம்பவத்துக்குக் காரணமானவர் அதே பிரிவில் மேலதிகாரியாக இருந்ததால் கேட்டேன்" என்று ஒரு பக்க அட்டவணை முன்னால் இருக்கட்டும். இன்னொரு சறுக்கல், தடயம் கோட்டின் இடப்பக்கம் இருப்பது. குடிப்பழக்கம் சம்பவத்துக்கு முன்பே இருந்தது என்றால் அதை மறைக்காமல், பின் எந்த அளவுக்குக் கூடியது என்று எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற தாள்களின் மேலும் சந்தேகம் விழும்.

வெளி ஆதாரங்களும் செல்லும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரிவித்து, அனுப்ப வாய்ப்புத் தராமல் விஏ மறுக்கக் கூடாது. ஆனால் அப்படி நடந்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மறுக்கப்பட்ட சுமார் 2,700 எம்எஸ்டி கிளெய்ம்களில் ஏறத்தாழ 1,300 தவறாகக் கையாளப்பட்டதாக விஏ-வின் கண்காணிப்புத் தலைமை அலுவலகமே 2018-ல் மதிப்பிட்டது. பழைய மறுப்புக் கடிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாக்குமூலம்

21-0781 படிவத்தை இப்போது எம்எஸ்டிக்கும் பயன்படுத்த வேண்டும். முன்பிருந்த 0781ஏ படிவம் 2024-ல் இதோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நடத்தை மாற்றங்களைக் குறிக்கும் கட்டங்கள் இதில் உண்டு. டிக் அடித்துவிட்டு விட்டுவிடாமல் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள்.

சம்பவத்தைப் பற்றி எவ்வளவு எழுதுவது? எங்கே, ஏறக்குறைய எப்போது, என்ன வகைச் செயல், அப்போது எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பதற்கு ஐந்தாறு வரி போதும். சரியான தேதி நினைவில்லை என்றால் "2003 கோடைக்காலம், பயிற்சி முடிந்து வந்த சில வாரங்களில்" என்று எழுதலாம். ஊகித்து ஒரு தேதியைப் போட்டால், பின்னால் கோப்பு வேறு தேதி காட்டும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள். செய்தவரின் பெயர் கட்டாயமில்லை. இது குற்ற வழக்கு அல்ல, அவருக்கு விஏ தகவல் அனுப்பாது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இரண்டு வரி எழுதுங்கள். விலகும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் "மனச்சோர்வு உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருந்தால் அதற்கும் சேர்த்து. "உண்டு என்றால் விடுவிப்பு தள்ளிப்போகும், அந்த முகாமை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது" என்பது நேர்மையான பதில், பலருக்கும் அதுதான் உண்மை. புகார் பதிவு இல்லை என்பதையே சம்பவம் நடக்கவில்லை என்பதற்கான ஆதாரமாக விஏ எடுத்துக்கொள்ள முடியாது என்று 2013-ல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் ஏ.இசட். எதிர் ஷின்செகி வழக்கில் தீர்த்துவிட்டது.

இதை ஒரே மூச்சில் எழுதி முடிக்க முயலாதீர்கள். இரவில் தனியாக வேண்டாம். எழுதும்போது நினைவுகள் மேலேறி மூச்சு முட்டினால் மூடிவைத்துவிட்டு 988 அழைத்து 1 அழுத்துங்கள். 838255 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எந்நேரமும் ஆள் இருப்பார்கள். அதே 0781 படிவத்தில், கிளெய்மின் முக்கிய கட்டங்களை உங்கள் விஏ சிகிச்சைக் குழுவுக்குத் தெரிவிக்கச் சம்மதமா என்ற கேள்வி இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர்கள் சம்மதிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. பரிசோதனை நாளும் முடிவுக் கடிதம் வரும் நாளும் பலரை உலுக்கிவிடுகின்றன.

சாட்சிகள் எழுதுவதற்கு 21-10210 படிவம். அவர்கள் சம்பவத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. "அவள் மிக நல்லவள், பொய் சொல்லமாட்டாள்" என்ற கடிதத்தால் பயனில்லை. "2003 கிறிஸ்துமஸ் விடுப்பில் வந்தபோது என் தங்கை உள்ளே தாழ்போட்டு, கதவின் குறுக்கே நாற்காலியை வைத்துவிட்டுத்தான் படுத்தாள். அந்த வருட மே மாதம் வந்தபோது கதவைத் திறந்துவைத்தே தூங்கினாள்" என்பது சான்று. பார்த்தது, தேதி, முன் பின் வித்தியாசம் மூன்றும் இருக்கின்றன. இரண்டு மூன்று கடிதம் போதும். ஒரே வாசகத்தில் ஐந்து கடிதம் வந்தால் நீங்களே எழுதிக்கொடுத்தது போலத் தெரியும். அந்த நாளில் வீட்டுக்குத் தமிழில் எழுதிய கடிதமோ மின்னஞ்சலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்புங்கள். அன்று எழுதியதற்கு இருக்கும் எடை இன்று நினைவுகூர்ந்து எழுதுவதற்கு வராது.

பரிசோதனை நாள்

சி அண்ட் பி பரிசோதனை, அதாவது கிளெய்முக்காக விஏ வைக்கும் மருத்துவப் பரிசோதனை, சிகிச்சை அல்ல. விஏ மருத்துவரோ ஒப்பந்த நிறுவன மருத்துவரோ செய்வார். ஆண் மருத்துவரா பெண் மருத்துவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம், எழுத்தில் கேளுங்கள். தகுந்த காரணம் சொல்லாமல் போகாமல் விட்டால் கையில் உள்ள ஆவணத்தை வைத்தே முடிவெடுப்பார்கள், அது பெரும்பாலும் மறுப்புதான். போக முடியாத நிலை என்றால் அன்றைக்கு முன்பே அழைத்துத் தேதி மாற்றுங்கள்.

இங்கே பலரைக் கவிழ்ப்பது பழக்கம்தான். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லும். படையில் கற்ற விறைப்பும் சேர்ந்துகொள்ளும். பரிசோதகர் அதை அப்படியே எழுதிவிடுவார். மாறாகக் கடந்த மூன்று மாதத்தின் மோசமான நாட்களை விவரியுங்கள். வாரத்துக்கு எத்தனை இரவு எழுந்து கதவைச் சோதிக்கிறீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, கடைசியாக எப்போது நண்பர் வீட்டுக்குப் போனீர்கள், குளிக்காமல் எத்தனை நாள் கிடந்தீர்கள் என்று எண்ணிக்கையோடு. இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், மனநோய்களுக்கு 0, 10, 30, 50, 70, 100 என்ற படிகள்தான் உண்டு. படி தீர்மானிக்கப்படுவது சம்பவத்தின் கொடூரத்தை வைத்து அல்ல, வேலையிலும் உறவிலும் அது எவ்வளவு முடக்குகிறது என்பதை வைத்து. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பீதித் தாக்குதல் என்பது 50-ல் சொல்லப்பட்ட அறிகுறி. தற்கொலை எண்ணம், சுத்தத்தைப் புறக்கணிப்பது, கிட்டத்தட்ட ஓயாத பீதி அல்லது சோர்வு ஆகியவை 70-ல் வருபவை. 2025 கணக்கில் தனிநபருக்கு 50 சதவீதம் மாதம் 1,102.04 டாலர், 100 சதவீதம் 3,831.30. வரி கிடையாது. பிடிஎஸ்டி, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் இருந்தாலும் சேர்த்து ஒரே மதிப்பீடுதான். ஒற்றைத் தலைவலி, குடல் கோளாறு, பாலுறவுச் செயலிழப்பு போன்றவை அந்த மனநோயால் வந்தவை என்று மருத்துவர் எழுதினால் அவற்றுக்குத் தனிக் கணக்கு. நோயால் நிலையான வேலை பார்க்கவே முடியாதவர்கள் 21-8940 படிவத்தையும் சேர்த்து அனுப்பலாம். அது ஏற்கப்பட்டால் 70-ல் இருப்பவருக்கும் 100-க்கான தொகை கிடைக்கும்.

விடுவிப்புச் சான்றில் சிக்கல் இருந்தால்

சம்பவத்துக்குப் பின் "ஆளுமைக் கோளாறு" என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆளுமைக் கோளாறுக்கு விஏ இழப்பீடு தராது. அதனால் புதிய மருத்துவர் இன்றைய நோயைப் பிடிஎஸ்டி என்று தெளிவாக எழுதுவதோடு, பழைய முடிவு ஏன் பொருந்தாது என்றும் எழுத வேண்டும். மதிப்புக் குறைவான (அதர் தேன் ஹானரபிள்) விடுவிப்பு என்றால் இரண்டு வழி. 2024 ஜூனில் மாறிய விதிப்படி, விடுவிப்புக்குக் காரணமான நடத்தைக்குப் பின்னால் பாலியல் வன்கொடுமை போன்ற வலுவான சூழ்நிலை இருந்ததா என்று பல வழக்குகளில் விஏ பார்க்க வேண்டும். இன்னொன்று, விலகி 15 ஆண்டுக்குள் என்றால் டிடி-293 மூலமும், அதற்குப் பின் டிடி-149 மூலமும் சான்றையே மாற்றக் கேட்பது. பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களின் மனுவைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை 2017 ஆகஸ்டில் வெளியிட்ட குர்ட்டா குறிப்பாணை சொல்கிறது. மனுவில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

யாரை நம்புவது, மறுத்தால் என்ன செய்வது

முதல் கிளெய்முக்கு யாரும் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே போட்டுத் தருவார்கள். "உயர்த்தித் தருகிறோம், கூடுவதில் ஐந்து மாதத் தொகை கொடுங்கள்" என்று வரும் விளம்பரக் கம்பெனிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். முதல் முடிவு வந்தபின் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாகக் கருதப்படும்.

மறுப்பு வந்தால், கடிதத்தில் மூன்றில் எது இல்லை என்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நோயா, சம்பவமா, இணைப்பா? புதிய சான்று கையில் இருந்தால் 20-0995 துணைக் கிளெய்ம். சான்று எல்லாம் கோப்பில் இருந்தும் கவனிக்காமல் விட்டார்கள் என்றால் 20-0996 மேல்நிலை மறுஆய்வு, ஆனால் இதில் புதிய தாள் ஒன்றையும் சேர்க்க முடியாது. 10182 மூலம் மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போகலாம், அது நீண்ட வரிசை. எதுவானாலும் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டால்தான் பழைய தொடக்கத் தேதி நிற்கும். சம்பவம் நிரூபிக்கப்படவில்லை என்ற மறுப்புக்குப் பெரும்பாலும் துணைக் கிளெய்மே சரி. உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரிடம் தடயத் தாள்களைக் காட்டி, "இவை பாலியல் வன்கொடுமைக்குப் பின் காணப்படும் மாற்றங்களோடு பொருந்துகின்றன" என்று காரணத்தோடு கருத்து வாங்குங்கள். அப்படிப்பட்ட மருத்துவக் கருத்தும் சம்பவத்துக்குச் சான்றாகும் என்பதை மெனகாஸி வழக்கில் 2011-ல் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் உங்களுக்குத்தான். எனவே மருத்துவர் "நிச்சயமாக" என்று எழுத வேண்டியதில்லை, "குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று எழுதினாலே வரம்பைத் தொட்டுவிடும்.

ஒப்புதல் கிடைத்தபின் கவுன்சலிங்கை நிறுத்திவிடாதீர்கள். சில வருடத்தில் மறுபரிசோதனைக்கு அழைக்கலாம். அப்போது இடைப்பட்ட காலத்தில் சிகிச்சைக் குறிப்பு ஒன்றுமே இல்லை என்றால், குணமாகிவிட்டதாகப் படித்துக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். பத்து ஆண்டு கடந்தால், மோசடி நிரூபணமானால் அல்லது விடுவிப்பே தகுதியற்றது என்று தெரிந்தால் ஒழிய, பணியோடு தொடர்புடையது என்ற முடிவை எடுத்துவிட முடியாது. இருபது ஆண்டு நீடித்த சதவீதத்தை மோசடி இல்லாமல் குறைக்கவும் முடியாது.